கணக்கு அக்காவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு புறக்கோட்டையில் இரண்டு மொத்தக் கடைக்கும் செட்டியார் தெருவில் ஒரு சின்ன நகைக்கடைக்கும் 26 வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். கடைப் பையன்கள் கணக்கு அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. அதனால் எண் சம்பந்தமாக யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், காணி அளவோ, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி நாளோ, ஃபோன் எனக்குத்தான் வரும், அதுவும் நான் பஸ்ஸுக்குள் இரண்டு பையோடு தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியது இது. கேள்விகளைக் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன், பெயர் போடவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

அக்கா, பத்து லட்சமும் ஒரு மில்லியனும் ஒண்டுதானே?

ஒன்றுதான். 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். வரவுசெலவுத் திட்டக் காலத்தில் செய்தியில் அடிபடும் டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. முதலாவதை மட்டும் பாடமாக்கினால் போதும், மற்றதெல்லாம் சைபர் கூட்டினால் வந்துவிடும்.

கணக்கில் குழப்பம் இல்லை, நாங்கள் பேசுகிற விதத்தில்தான் குழப்பம். வீட்டில் லட்சத்தில் பேசுகிறோம், வங்கி மில்லியனில் பேசுகிறது, காணித் தரகர் இரண்டிலும் சேராமல் "நாலு சொல்றாங்க" என்று மட்டும் சொல்வார். நாலு லட்சமா, நாலு மில்லியனா, ஒரு பேர்ச்சஸ் அளவுக்கா, முழுக் காணிக்கா? எங்கள் சொந்தத்தில் ஒருவர் தெஹிவளைப் பக்கம் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, நாலு என்றால் மொத்தமே 40 லட்சம் என்று எடுத்துக்கொண்டு, வரும் வழியில் இனிப்பும் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். தரகர் சொன்னது பேர்ச்சஸ் ஒன்றுக்கு. எண் காதில் விழுந்தவுடன் "எதில், எதற்கு" என்று கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பேப்பர்ல 10,00,000 எண்டு கிடக்கு, எங்கட பேங்க் சிலிப்ல 1,000,000. எது பிழை?

இரண்டும் சரி. அங்கே லட்சம், கோடிக்காகக் கமா போடுகிறார்கள், இங்கே வங்கியும் கடையும் ஆயிரம், மில்லியனுக்காகப் போடுகின்றன. சைபரை எண்ணுங்கள், கமாவை எண்ணாதீர்கள். காசோலையில் மட்டும் வங்கி எப்படிப் போடுகிறதோ அப்படியே போடுங்கள், அங்கே போய்ப் புதுமை செய்ய வேண்டாம்.

மகன் கேக்கிறான், எழுபது எண்பது எண்டு பத்தில முடிஞ்சு வந்திட்டு ஏன் திடீரெண்டு தொண்ணூறு?

நல்ல கேள்வி, பெரியவர்கள் கேட்பதில்லை. எண்பதுக்கு அடுத்தது நூறில் முடிகிறது, எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம் என்று ஆயிரத்தில் முடிகிறது. ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பழைய சொல் இருந்தது, பரிபாடலில் வருகிறது. அந்தத் தொண்டுதான் தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பது என்ற சொல்லின் வாலிலும் பத்து தெரிகிறது பாருங்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு சொல்லும் ஒரு படி மேலே இருந்து, பிறகு ஒரு படி கீழே இறங்கிவிட்டது என்று விளக்கம் சொல்வோர் உண்டு. எது எப்படியோ, ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது, ஆகவே இது நேற்று வந்த பழக்கம் இல்லை.

என் மகள் இரண்டாம் வகுப்பில் சொல்வதெழுதலில் தொண்ணூற்றொன்றை 901 என்று எழுதினாள். ரீச்சர் பிழை போட்டார். காதில் விழுந்ததைத்தான் பிள்ளை எழுதினாள் என்று நான் அவள் பக்கம் நின்றேன்.

ஒரு பவுண் எத்தனை கிராம் அக்கா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்றாங்க.

நகைக்கடையில் 8 கிராம். செட்டியார் தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் இது மாறாது. பிரித்தானியாவின் தங்க நாணயத்துக்குப் பவுண் என்று பெயர், அதன் எடை 7.98 கிராமும் கொஞ்சமும், தங்கம் 22 கரட். அந்த நாணயம் கைமாறிக்கொண்டிருந்த காலத்துப் பெயர்தான் இன்னும் நிற்கிறது, கணக்குக்கு வசதியாக எட்டாக்கிவிட்டார்கள்.

ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வதற்குக் காரணம், பவுண் என்று நாங்கள் சொல்வது மூன்று பொருள். நகைக்கடையில் 8 கிராம். லண்டனில் இருந்து அண்ணன் அனுப்புகிற பவுண் காசு. அப்புறம் எடைப் பவுண், அதைத்தான் தமிழில் றாத்தல் என்கிறோம், அது 453 கிராமும் சொச்சமும். பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் கேட்டால் 450 கிராம் என்று கணக்கு. முதல் கேள்வியில் சொன்ன "எதில், எதற்கு" இங்கேயும் வேண்டும்.

பேப்பர்ல தங்கம் அவுன்ஸ் இவ்வளவு டொலர் எண்டு வருது. அதை எப்பிடிப் பவுணுக்கு மாத்துறது?

இந்த அவுன்ஸ் சமையல் புத்தகத்து அவுன்ஸ் இல்லை. சமையல் அவுன்ஸ் 28.35 கிராம், தங்க அவுன்ஸ் 31.1 கிராம். இதைத் தெரியாமல் 28ஆல் பிரித்துவிட்டு, விற்கப்போன நகைக்கு நகைக்கடை குறைத்துத் தந்து ஏமாற்றுகிறது என்று வந்து நிற்பவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

விலையை 31.1ஆல் பிரித்து 8ஆல் பெருக்கினால் 24 கரட் பவுண். நகைக்கு 22 கரட் என்றால் அதை 22ஆல் பெருக்கி 24ஆல் பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு அவுன்ஸ் 1,000 டொலர் என்று வைத்தால் 24 கரட் பவுண் 257 டொலர், 22 கரட் 236 டொலர் அளவில் வரும். பிறகு அன்றைய டொலர் விலையால் பெருக்குங்கள். கடையில் கேட்கிற விலை இதைவிடக் கூட இருக்கும், செய்கூலி, சேதாரம், கடைக்காரரின் லாபம் எல்லாம் அதில் வருகிறது. கூட இருப்பது பிழையில்லை, எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாவிட்டால்தான் எழும்பி வரவேண்டும்.

ஒரு பேர்ச்சஸ் எவ்வளவு? யாழ்ப்பாணத்துப் பரப்போட ஒப்பிட்டுச் சொல்லுங்க, மாமாவுக்கு அப்பிடித்தான் விளங்கும்.

272 சதுர அடியும் கால் அடியும். பதினாறரை அடி நீளம், பதினாறரை அடி அகலம், அதுதான் பேர்ச்சஸ். 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர், நடுவில் 40 பேர்ச்சஸ் ஒரு றூட், பழைய உறுதிகளில் இந்த றூட் வரும். மாமாவுக்கு: வழக்கத்தில் 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஊரில் நாலு பரப்புக்குள் கிணறு, மாமரம், மாட்டுக் கொட்டில் எல்லாம் வைத்து வாழ்ந்தவருக்குக் கொழும்பில் 6 பேர்ச்சஸில் மூன்று மாடி வீடு என்றால் நம்பமாட்டார்தான். 6 பேர்ச்சஸ் என்றால் 1,633 சதுர அடி என்று அடியில் சொல்லிப் பாருங்கள், அப்போதும் நம்பமாட்டார், ஆனால் அளந்து பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய வடக்கு உறுதிகளில் லாச்சம் என்ற நில அளவு வரகு என்றும் நெல் என்றும் வேறு வேறாக இருக்கும். இவ்வளவு வரகு விதைக்கிற நிலம், இவ்வளவு நெல் விதைக்கிற நிலம் என்று விதையால் அளந்த காலம் அது. இரண்டு லாச்சமும் ஒரே அளவு இல்லை. அப்படி உறுதி இருந்தால் ஃபோனில் என்னைக் கேட்காமல் நில அளவையாளரைப் பிடியுங்கள்.

அம்மம்மா அரிசி அளக்கேக்க ஒண்டு எண்டு சொல்லாம லாபம் எண்டு தொடங்குறா. அப்ப முதல் சுண்டு கணக்கில சேருமா?

சேரும். லாபம், ரெண்டு, மூண்டு என்று போகும், லாபம்தான் ஒன்று. முதல் அளவையை நல்ல வார்த்தையில் தொடங்கவேண்டும் என்ற நினைப்பு, நெல் அளக்கும் களத்தில் இருந்து வந்தது. அம்மம்மாவோடு சேர்ந்து எண்ணுகிறவர் ஒன்று என்று தொடங்கினாலும் இருவருக்கும் ஒரே தொகைதான் வரும்.

கலியாண வீட்டுக்கு 5,000 வைக்கிறதா 5,001 வைக்கிறதா?

5,001 வைக்கலாம். முழுத் தொகை சைபரில் முடிந்துவிடக்கூடாது, மேலே ஒன்று வளரட்டும் என்பதுதான் காரணம். ஒரு ரூபாய்க் குத்தி கிடைக்காமல் காலி வீதி நெடுக ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், அதனால் நான் கிடைக்கும்போது பத்துப் பன்னிரண்டு குத்தியைப் பழைய மருந்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்.

காசுக் கட்டை எண்ணுறப்ப ஒவ்வொரு தடவையும் வேற வேற தொகை வருது அக்கா. எப்பிடித்தான் எண்ணுறது?

இது கடைக்குப் புதிதாக வந்த ஹட்டன் தம்பி கேட்டது. ஒரு கட்டில் 100 தாள். ஆயிரம் ரூபாய்க் கட்டு ஒரு லட்சம், ஐயாயிரம் ரூபாய்க் கட்டு ஐந்து லட்சம், ஆகவே ஒரு மில்லியன் என்பது ஐயாயிரத்தில் இரண்டே கட்டு, சட்டைப் பைக்குள் போய்விடும்.

எங்கள் கடையில் முன்பு காசுப் பெட்டியில் இருந்த ஐயா எண்ணுவதைப் பார்த்துத்தான் நான் படித்தேன். முதலில் எல்லாத் தாளையும் ஒரே முகமாகத் திருப்புவார். மடிந்த மூலையை நகத்தால் நீவி நிமிர்த்துவார், ஏனென்றால் மடிந்த மூலைக்குள்தான் அடுத்த தாள் ஒளிந்துகொள்ளும். பிறகு கட்டை இடது கையில் நடுவில் மடித்துப் பிடித்து, ஈரப் பஞ்சில் வலது பெருவிரலைத் தொட்டு, வாயைத் திறக்காமல் எண்ணுவார். நூறு வந்ததும் றப்பர் பட்டி போடமாட்டார். கட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பி, பின்பக்கமிருந்து இன்னொரு தடவை. ஒரே பக்கமிருந்து இரண்டு தரம் எண்ணினால், முதல் தடவை ஒட்டிக்கொண்ட இரண்டு தாள் இரண்டாம் தடவையும் ஒட்டிக்கொண்டே வரும், தொகை ஒத்துப்போகும், ஆனால் பிழையாக ஒத்துப்போகும். புதுத் தாள் என்றால் கட்டை ஒருமுறை வளைத்து விசிறிவிட்டுத்தான் தொடங்குவார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லமாட்டார், கட்டைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். முதலாளியே கூப்பிட்டாலும் அப்படித்தான்.

இப்போது மெஷின் இருக்கிறது. மெஷினும் ஈரத் தாளில் தடுமாறும், ஒக்டோபர் நவம்பர் மழையில் மீன் கடைக்காரர் கொண்டுவரும் கட்டுக்கு நான் இன்னும் கையைத்தான் நம்புகிறேன்.

லொறிக்கு மூட்டை ஏத்துறப்ப எண்ணிக்கை தவறிப் போயிடுதே, அதுக்கு என்ன வழி?

மனதுக்குள் எண்ணாதீர்கள். எங்கள் ஸ்டோரில் கதவடியில் நிற்பவர் கையில் ஐஸ்கிறீம் குச்சி ஒரு பிடி இருக்கும், ஒவ்வொரு பத்து மூட்டைக்கும் ஒரு குச்சி பெட்டிக்குள் விழும். நாட்டாமைமார் சுமை தூக்குகிற வேகத்தில் யாரும் 237 வரை நினைவு வைத்திருக்க முடியாது, பத்து வரை எல்லோராலும் முடியும்.

பின்னேரம் கணக்கு முடிக்கேக்க 270 ரூபா இடிக்குது. எங்க தேடுறது?

தேடமுதல் 9ஆல் பிரித்துப் பாருங்கள். மீதி இல்லாமல் பிரிந்தால், எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு. 7,850ஐ 7,580 என்று எழுதினால் வித்தியாசம் 270. ஏன் ஒன்பது என்றால், ஒரு இலக்கம் பத்தின் இடத்திலிருந்து நூறின் இடத்துக்குப் போனால் அதன் பெறுமதி பத்திலிருந்து நூறாகிறது, கூடியது 90. எந்தப் பக்கத்து இடங்கள் மாறினாலும் கூடுவது 9, 90, 900 என்றே வரும். 270 என்பது 90இன் மூன்று மடங்கு, அதனால் நூறிலும் பத்திலும் நிற்கிற இலக்கங்களுக்கு இடையே மூன்று வித்தியாசம் உள்ள பில்லைத் தேடுங்கள். எட்டும் ஐந்தும், ஏழும் நாலும், அப்படி. முழுப் புத்தகத்தையும் புரட்டத் தேவையில்லை.

சைபர் ஒன்று விடுபட்டாலும் ஒன்பதால் பிரியும், 500ஐ 50 என்று எழுதினால் குறைவது 450. ஒன்பதால் பிரியாவிட்டால் பாதியாக்கிப் பாருங்கள். 1,300 இடித்தால் 650 ரூபாய் பில் ஒன்று வரவுக்குப் பதிலாகச் செலவில் ஏறியிருக்கலாம். இரண்டிலும் அகப்படாவிட்டால், சரியாக 270 ரூபாய்க்கே ஒரு பில் மேசை லாச்சிக்குப் பின்னால் விழுந்து கிடக்கும், எனக்கு இரண்டு தடவை கிடந்தது.

எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் எந்த நாள்ல இருந்து எண்ணுறது? பேங்க்ல எண்ணுற மாதிரியா?

இல்லை, அங்கேதான் பிசகு வருகிறது. எங்கள் வழக்கத்தில் அந்த நாளே முதல் நாள். மார்ச் 3ஆம் திகதி ஒருவர் தவறினால் 3ஆம் திகதிதான் ஒன்று, எட்டு 10ஆம் திகதி, 31ஆம் நாள் அந்தியேட்டி ஏப்ரல் 2. அதனால் எட்டு எப்போதும் அதே கிழமையில்தான் விழும், திங்கள் என்றால் திங்கள். 31 கிழமையில் இரண்டு நாள் தள்ளி விழும், திங்கள் என்றால் புதன். பிள்ளை பிறந்து 31க்குத் துடக்குக் கழிப்பதும் இதே எண்ணிக்கைதான்.

வங்கியில் 30 நாள் வைப்பு என்றால் போட்ட நாளைச் சேர்க்காமல் எண்ணுவார்கள், போட்டு 30 இரவு கழியவேண்டும். ஒன்று நாளை எண்ணுகிறது, மற்றது இடைவெளியை எண்ணுகிறது. வேலி போட ஐந்து கட்டை நட்டால் இடைவெளி நாலுதானே, அதே மாதிரி. அம்மாவின் காரியத்துக்குக் கார்ட் அடிக்கக் கொடுத்த இடத்தில் ஒரு நாள் தள்ளி அடித்துவிட்டு, நாங்கள்தான் பிழையாக எண்ணியதாக என்னோடு வாதாடினார்கள். கட்டை கணக்கைச் சொல்லித்தான் திருத்தி வாங்கினேன்.

போயா வருஷத்துக்குப் பன்னிரண்டா பதின்மூண்டா?

பெரும்பாலும் 12, சில வருடம் 13. போயா என்பது பௌர்ணமி நாள். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததுக்கு சராசரி இருபத்தொன்பதரை நாள், மாதமோ 30, 31. அதனால் மாதத் தொடக்கத்திலேயே ஒரு போயா வந்துவிட்டால் கடைசியில் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும். 2023 ஓகஸ்டில் 1ஆம் திகதியும் 30ஆம் திகதியும் போயா. எங்கள் பையன்களுக்குச் சந்தோஷம், முதலாளிக்கு இல்லை. போயா என்றால் அரசாங்க லீவு, வங்கி இல்லை, சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டு, இதை எந்த வருடமும் நம்பலாம். விருந்தாட்களை அழைக்கமுதல் கலண்டரைப் பாருங்கள், அவ்வளவுதான்.

அப்ப கிழமை எண்டாலும் மாறாதுதானே? ஞாயிறு எண்டா லீவு?

கிழமை மாறாது. லீவு மாறியிருக்கிறது. 1966இல் இந்த நாட்டில் சனி ஞாயிறு லீவை எடுத்துவிட்டு, போயாவையும் அதற்கு முதல் நாளையும் வார லீவாக்கினார்கள். முழு நிலவு மட்டுமில்லை, அரை நிலவு, அமாவாசை என்று மாதம் நாலு போயா. சந்திரன் கிழமையைப் பார்த்து நடப்பதில்லை, அதனால் லீவு சில வேளை 7 நாளில் வரும், சில வேளை 8 நாளில் வரும். 1971இல் திரும்பவும் சனி ஞாயிறுக்கே வந்துவிட்டார்கள், மாதத்துக்கு ஒரு போயா மட்டும் லீவாக நின்றது.

அப்பா அப்போது ஐந்துலாம்படியில் ஒரு ஸ்டோரில் வேலை. வெளிநாட்டுக் கப்பல் கம்பனிகளுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, எங்கள் வங்கிக்கு அதில் சில நாள் லீவாக இருக்கும், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருக்கும்போது இங்கே எல்லாம் திறந்திருக்கும். நாளைக்கு வேலையா இல்லையா என்று கலண்டர் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாதாம். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஞாயிறு பூசைக்கு விடியற்காலையிலேயே போய்விட்டு வேலைக்கு ஓடினார்களாம். அப்பா கடைசிவரை சட்டைப் பையில் சின்னக் கலண்டர் வைத்திருந்தது அந்த ஐந்து வருடப் பழக்கம்.

அப்பாட திவசம் போன வருஷம் ஒரு திகதி, இந்த வருஷம் வேற திகதி. ஐயர் பிழையா எண்ணுறாரா?

இல்லை, அவர் திதியை எண்ணுகிறார், நீங்கள் திகதியை எண்ணுகிறீர்கள். போயா கேள்வியில் சொன்ன இருபத்தொன்பதரை நாளைப் பன்னிரண்டால் பெருக்கினால் 354, வருடத்தில் 11 நாள் குறைகிறது. அதனால் திதி ஒரு வருடம் 11 நாள் முன்னால் வரும், பிறகு மாதத்துக்குள் நிற்கவேண்டும் என்பதால் ஒரு கட்டத்தில் பின்னால் பாயும். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் இருப்பதால் சில வருடம் ஒரு நாள் இழுபறியும் உண்டு, உங்கள் குடும்பம் எதைப் பார்க்கிறதோ அதிலேயே நில்லுங்கள்.

பக்கத்துக் கடை முஸ்லிம் நானா இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு இந்தப் பாய்ச்சல் இல்லையே, நோன்பு வருஷா வருஷம் முன்னாலதானே வருது" என்றார். சரிதான், அவர்கள் அந்த 11 நாளைச் சரிக்கட்டுவதில்லை. அதனால் நோன்பு எல்லாப் பருவத்தையும் சுற்றி ஏறக்குறைய 33 வருடத்தில் பழைய இடத்துக்கு வரும். இன்னொன்று: திகதியும் நிலவும் 19 வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சந்திக்கும், ஒரு நாள் முன் பின் இருக்கலாம். நீங்கள் பௌர்ணமியில் பிறந்திருந்தால் 19ஆவது, 38ஆவது, 57ஆவது பிறந்தநாளுக்கு வானத்தைப் பாருங்கள்.

என்ட ஐடென்டிட்டி கார்ட் நம்பர்ல பிறந்த நாள் ஒண்டு கூட வருதே, பிழையா அடிச்சிட்டாங்களா?

இதைக் கேட்டு அழுத பிள்ளையும் உண்டு. பிழையில்லை. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம், புதிய 12 இலக்கத்தில் முதல் நாலும். அடுத்த மூன்று, ஜனவரி 1இல் இருந்து எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1985 ஏப்ரல் 14இல் பிறந்த ஆணுக்கு 105, பெண்ணுக்கு 605.

இப்போது விரல்விட்டு எண்ணுங்கள்: ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31, அதோடு 14, மொத்தம் 104தான் வரும். அந்த ஒரு நாள் எங்கிருந்து வந்தது என்றால், இந்த முறையில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள் என்றே வைத்திருக்கிறார்கள், லீப் வருடமோ இல்லையோ. அதனால் சாதாரண வருடத்தில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் ஒன்று கூடத்தான் காட்டும். வசதியும் அதுதான், ஏப்ரல் 14 எந்த வருடமானாலும் 105.

சீட்டு நம்பிக் கட்டலாமா அக்கா?

கணக்கை நம்பலாம். 12 பேர், மாதம் 10,000, ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 120,000, வருடம் முடிய எல்லோரும் கட்டியதும் எடுத்ததும் சமம். ஏலச் சீட்டு என்றால் அவசரக்காரர் கழித்துக் கேட்பார். 24,000 கழித்தால் அவர் கைக்கு 96,000, கழித்ததை 12ஆல் பிரித்தால் ஆளுக்கு 2,000 திரும்பும். முதலில் எடுக்கிறவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுக்கிறவர் சேமிக்கிறார், வட்டி என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் வட்டிதான்.

ஆள் விஷயம் வேறு. நான் சேர்ந்த ஒரு சீட்டில் ஐந்தாம் மாதத்தோடு சீட்டுப் பிடித்தவர் வீடு மாறிப் போய்விட்டார், என் முறை ஒன்பதாம் மாதம். 50,000 போனது. அதிலிருந்து நான் பார்ப்பது இரண்டு: ஏற்கனவே எடுத்தவர்கள் அடுத்த மாதமும் நேரத்துக்குக் கட்டுகிறார்களா, சீட்டுப் பிடிப்பவர் கொப்பியைக் கேட்டவுடன் காட்டுகிறாரா. "கொப்பி வீட்ட இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னால் மூன்றாம் தடவை கேட்கவேண்டாம், அவர் வீட்டுக்கே போங்கள்.

பஸ்ல கண்டக்டர் "மிச்சம் பிறகு தாறன்" எண்டா நம்பலாமா?

என் அனுபவத்தில் நம்பலாம். 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸில் இத்தனை வருடம் போய் வருகிறேன், கேட்டால் தராதவர் மிகக் குறைவு, சிலர் டிக்கட்டின் பின்னால் தொகையைக் கிறுக்கியே தருவார்கள். மறப்பது நாங்கள்தான். போன கிழமை வெள்ளவத்தைச் சந்தையடியில் இந்தக் கேள்விக்கே ஃபோனில் பதில் சொல்லிக்கொண்டு இறங்கினேன், கையில் டிக்கட், பின்னால் 40 என்று எழுதியிருக்கிறது, பஸ் பம்பலப்பிட்டிப் பக்கம் போய்விட்டது. என் செலவுக் கொப்பியில் அந்த 40 இன்னும் வரவேண்டியதில்தான் நிற்கிறது.